சைனகுண்டா எடைமேடை

பலமநேர் தக்காளி இரவு பதினொன்றுக்குமேல்தான் இறங்கும்.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
எனக்குக் கிடைப்பது இருபது நிமிடம்,
சில நாள் நாற்பது.
மாடியில் ஆறு அங்குலத் தொலைநோக்கி
தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும்.

சீட்டு எடுத்த பணத்தில் மூன்று வடிகட்டிகள்.
நடுவிலிருப்பது பச்சை, ஐந்நூற்று இருபது நானோமீட்டர்.
இருபுறமும் சாட்சிக்கு இரண்டு.
மற்ற விண்மீன்கள் மூன்றிலும் நேராகக் கடந்துவிடும்.
இவை மட்டும் நடுவில்
ஒரு மயிரிழை குழியும்.

முனிரத்தினம் ஏட்டு கேட்டார்,
ஒளியைப் பிரித்துப் பார்த்தால் தெரியாதா?
தெரியும் ஏட்டையா, அதற்குப் பெரிய கண்ணாடி வேண்டும்.
நீங்கள் எல்லா லாரியிலும் பெட்டி இறக்குகிறீர்களா?
தக்காளி என்று சொன்ன வண்டி
தக்காளியைவிடக் கூட அழுந்தினால்தானே
அடியில் கைவிடுகிறீர்கள்.
அவர் சிரிக்கவில்லை. போன மாசியில்
அப்படித்தான் பதினேழு கட்டை செம்மரம் பிடித்தார்.

செம்மரம் தண்ணீரில் அமிழும்.
அங்கே தலைகீழ்.
காந்தம் இறுக்கிப் பிடித்த, கொதிப்பில்லாத மேற்பரப்பில்
ஒளியே கீழிருந்து முட்டுக்கொடுக்க
குரோமியம், ஸ்ட்ரான்சியம், யூரோப்பியம்
மேலேறித் திட்டுத்திட்டாக ஒதுங்கும்,
ஆறும் பாலில் ஏடு கட்டுவதுபோல.
விண்மீன் சுற்றும். திட்டு நம் பக்கம் திரும்பும்போது
நூற்றில் இரண்டு பங்கு வெளிச்சம் கூடும்.
அவ்வளவுதான் தடயம்.

மிதுனத்தில், எண்ணே பெயரான ஒன்றைத்
தையிலிருந்து தொடர்ந்துகொண்டிருந்தேன்.
பக்கத்திலிருந்த இன்னொன்று ஒப்பிட.
மாறாதது என்று பட்டியலில் இருந்தது.
ஏறியது, இறங்கியது, மூன்றே முக்கால் நாளுக்கொரு தரம்.
ஓபுலேசுக்குப் போன் போட்டேன்.
மலைக்கு அந்தப் பக்கம், காலேஜ் லேபில் உதவியாளர்,
எட்டு அங்குலம் வைத்திருக்கிறார்.
மப்பு, என்றார்.
அவர் தெலுங்கில் அது மேகம்.
இங்கே ஏட்டு காதில் விழுந்தது வேறு.
நாலு ராத்திரி அவருக்கு மப்பு, எனக்கு லாரி.

ஐந்தாம் ராத்திரி கரண்ட் போனது.
சாவடியின் மஞ்சள் விளக்குகள் செத்தன.
லாரி பேட்டரியில் கேமராவை ஓட்டினேன்.
சும்மா ஒரு சரிபார்ப்புக்கு
மூன்றாவது விண்மீனை எடுத்துக் கழித்துப் பார்த்தேன்;
பழைய படங்களின் ஓரத்திலும் அது இருந்தது.

என் விண்மீன் தட்டை.
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல.
ஆடியது மற்றது.
இரண்டு மாதம் எதை வைத்து நிறுத்தேனோ, அது.

எடைக்கல்லே இளைத்துப் பருத்துக்கொண்டிருந்திருக்கிறது.
அது மங்கியபோதெல்லாம்
இது பிரகாசித்ததாக எழுதியிருக்கிறேன்,
தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு.

பச்சையை அதன்மேல் திருப்பினேன்.
குழி இருந்தது.
ஒரு வாரம் கழித்து ஓபுலேசு அனுப்பிய எண்களிலும் இருந்தது,
கூடவே தெலுங்கில் ஒரு வசவு, சந்தோஷத்தில்.

விடிகாலை, வண்டி இல்லை.
சுவரில் முத்திரை ஆய்வாளரின் சான்றிதழ்:
இந்த மேடை சரி, அடுத்த மார்ச் வரை.
ஏறி நின்றேன். ஐம்பது என்றது.
நேற்றும் ஐம்பது.
சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும்
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.

கொண்டை ஊசி வளைவில் ஹாரன்.
இறங்கிக்கொண்டேன்.