தாவல்களை எண்ணுபவள்

ஹெராக்லியோனில் இன்று தெற்குக் காற்று.
ஆப்பிரிக்க மணல் ஜன்னல் விளிம்பில் படிகிறது.
கண்ணாடி உருளைக்குள் ஒரு சுண்டெலி.
அது தாவும், நான் எண்ணுவேன்.
அதற்குத்தான் சம்பளம்.

செல்லின் தோலில் ஓர் ஏற்பி.
மார்ஃபின் வந்து அமர்ந்ததும்
உள்ளே ஒரு புரதம் விழித்தெழுந்து
வலியின் வாயைப் பொத்தப் போகும்.
அதன் பின்னாலேயே இன்னொன்று வரும்,
விடுதியில் பத்து மணிக்கு விளக்கணைக்கும் ஆள் மாதிரி.
போதும், படு என்னும்.
அதன் பெயர் மூன்று எழுத்தும் ஓர் எண்ணும்.
எனக்கு அது அணைப்பான்.

இந்தச் சுண்டெலிக்கு அணைப்பான் கிடையாது.
பிறக்கும் முன்பே மரபணுவில் கைவைத்துவிட்டோம்.
சூட்டுத் தட்டில் மற்றவை பாதம் நக்கும்,
இது வெயில் காய்வதுபோல் நிற்கும்.
கொஞ்சம் மருந்தே போதும்.
நாள் பல போயும் மருந்து மழுங்கவில்லை.
காப்பி வேளையில் கைதட்டினோம்,
ஸ்டமாத்தினா கேக் வாங்கி வந்தாள்.

வீட்டில் மனூசோஸ்.
கல்குவாரியில் சறுக்கிய பாறை
இடுப்பில் எழுதிப் போனதை
நான்கு வருடமாக வாசிக்கிறான்.
மாத்திரை பத்து, முப்பது, இப்போது அறுபது.
தட்டத் தட்டக் காது மந்தமாகும் கதவு.
"உன் எலிக்குச் செய்ததை எனக்கும் செய்யேன், கரிஃபாலியா"
என்றான், ஓட்டிலிருந்து நத்தையை உறிஞ்சியபடி.
சிரித்தேன்.
இரவு தூக்கம் வரவில்லை.

இன்று சோதனையின் மறுபாதி.
நலாக்சோன், ஒரு சிறு ஊசி.
மார்ஃபினை இருக்கையிலிருந்து நெட்டித் தள்ளும்.
அணைப்பான் உள்ளது இருபத்தொரு முறை தாவியது.
இல்லாதது
நனைந்த நாய்போல் உடலை உதறியது,
உருளையின் வாய்வரை எழும்பி விழுந்தது,
மீண்டும் எழும்பியது.
எண்ணும் பொத்தானில் என் கட்டைவிரல் வழுக்கியது.
அறுபத்து மூன்று.

விளக்கணைப்பவனைத் துரத்தினோம், வெளிச்சம் நீண்டது, சரி.
இருட்டுக்குள் கைபிடித்து இறக்கிவிடுபவனும்
அவன்தான் என்று யார் கண்டது?
வேறொரு புரதம் இருக்கிறதாம், மூளையின் வேறு மூலையில்.
ஸ்டமாத்தினா பலகையைத் துடைத்துவிட்டு
மறுபடி வரைகிறாள்.

ஒன்பது மணி மாத்திரைக்கு
எட்டே முக்காலுக்கே
மேசையில் மனூசோஸின் விரல்கள் தட்டும்.
இன்று செருப்பைக் கழற்றாமல்
வாசலிலேயே நின்று கேட்டேன்.

பதினேழில்தான் தெரிந்தது
எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று.