கைமருந்து

வுப்பர்டால். மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே, சக்கரங்கள் தலைக்குமேல் இருக்க,
ஆற்றின்மீது தொங்கியபடி போகிறது ரயில்.
மேசையில் அண்ணனின் காப்ஸ்யூல் அட்டை.
நாளுக்கு ஒன்று, இருபத்தொரு நாள்.
பிறகு ஏழு நாள் விடுப்பு.

எக்கெஹார்ட்டின் விரல்நுனிகள் மரத்துப்போய் ஆறு மாதம்.
முதல் மருந்துகள் கட்டியைக் கரைத்தன,
போகிற போக்கில்
சட்டைப் பொத்தானின் வட்டத்தையும் அவனிடமிருந்து பறித்துக்கொண்டன.
கட்டி திரும்பி வந்தது.
பொத்தான் வரவில்லை.

"அந்தச் சிகிச்சை கைவிட்டுவிட்டது"
என்றார் டாக்டர் ஃப்ராவ்கே தீசன்.
என்னைப் பார்த்ததும் சொல்லை விழுங்கப் பார்த்தார்.
பரவாயில்லை டாக்டர்,
எனக்குக் கை என்பது வெறும் சொல்தான்.

காகிதத்தில் ஒரு நிணநீர்க் கணு வரைந்தார்.
கட்டிக்குப் பசித்தால் சும்மா கிடக்காதாம்.
பக்கத்து ரத்தக்குழாய்க்கு ஆள் அனுப்புமாம்.
நாளம் கிளைக்கும், கோணல்மாணலாக,
வழியெல்லாம் கசிந்துகொண்டு.
"புது மருந்து அந்த அழைப்பைக் கெடுக்கும்.
வேறு வேலைகளும் செய்யும்,
எல்லாம் எங்களுக்கே இன்னும் பிடிபடவில்லை."
மருந்தின் பூர்வீகம் கேட்டேன்.
பேனாவை மூடினார்.
"உங்களுக்குத் தெரிந்த குடும்பம்தான்."

தெரியும்.
அறுபத்தொன்றில், தூக்கம் வராத ஓர் இரவு,
அம்மா விழுங்கிய இரண்டு மாத்திரை.
அவளுக்குள் நான் ஒரு பயறு அளவு.
தோளில் முளை கட்டிய இடத்துக்கு
ரத்தம் வழி தேடி வந்துகொண்டிருந்தது.
பிஞ்சு நாளங்கள்.
வந்த வழியிலேயே நின்றன.
விரல்வரை வரவேண்டிய நான்
தோளோடு முடிந்துவிட்டேன்.

அதன் வாரிசு இந்தக் காப்ஸ்யூல்.
முகஜாடை போகவில்லை.
பெட்டியின்மேல் கர்ப்பிணியின் படம்,
குறுக்கே சிவப்புக் கோடு.
அந்தக் கோடு எங்களை வைத்துப் போட்டது.

அட்டையோடு மல்லுக்கட்டுகிறான் எக்கெஹார்ட்.
நழுவுகிறது. மறுபடி நழுவுகிறது.
அப்பாவின் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்கிறான்.
நான் வலது செருப்பைக் கழற்றுகிறேன்.
நாற்காலியைச் சாய்த்து, மேசைமேல் பாதம்.
என்னைவிட மூன்று வயது மூத்தவனுக்கு
வீட்டுக்கணக்கு போட்டுக்கொடுத்த பாதம்,
எண்பத்து நான்கில் அவன் கல்யாணப் பதிவேட்டில்
சாட்சிக் கையெழுத்திட்ட பாதம்
(கையெழுத்து என்றுதான் குமாஸ்தாவும் எழுதிக்கொண்டார்).
கட்டைவிரலால் ஓர் அழுத்து.
தகடு கிழிகிறது.
காப்ஸ்யூல் தட்டில் உருள்கிறது.

"காலைக் கழுவினாயா?"
"விழுங்கு."

அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன்.
போ உள்ளே.
அன்றைக்கு என் தோளில் செய்த அதே வேலையை
இவன் அக்குளில் செய்.
நன்றி மட்டும் எதிர்பார்க்காதே.

அட்டையில் இன்னும் இருபது.
நாளை எட்டு மணிக்கு வருகிறேன் என்றேன்.
ஏழே முக்காலுக்கு வா என்கிறான்,
காபியும் நீதான் போட வேண்டும்.