நான்கு மில்லிமீட்டர்

காந்தத்தைத் தகட்டின்மேல் இழுத்துக்கொண்டே போனேன்.
கதவுப் பிடிவரை ஒட்டியது.
பின்சக்கரத்துக்கு அருகே
கையைவிட்டு நழுவித் தரையில் விழுந்தது.
அங்கே இரும்பு இல்லை. பெயின்ட் இருந்தது.

எழுபத்தொன்றாம் வருடத்து டட்சன்.
விட்பியில் ஓய்வுபெற்ற பல்வைத்தியர் ஒருவரிடம் வாங்கினேன்.
“கொஞ்சம் துரு” என்றார்,
பல்லைப் பற்றிச் சொல்வதுபோல.

உளி வைத்ததும் பட்டி விரல் கனத்தில் பெயர்ந்தது.
அதற்குள் கண்ணாடி நார்.
அதற்கும் உள்ளே, தட்டி நிமிர்த்திய பிஸ்கட் தகரம்,
ஏழு ரிவெட்,
இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு நீலச் சீமாட்டி.
யாரென்றே தெரியாத அந்த மனிதனைத் திட்டினேன்,
குகநேசன் திரும்பிப் பார்க்கும் சொல்லால்.

குகநேசன் ஈரச் சாக்கோடு கராஜ் வாசலில் நிற்பான்.
பொறி எங்கே போகிறதென்று பார்ப்பதுதான் அவன் வேலை.
“எல்லாம் அணைந்துவிட்டதா?”
“ஒன்று உன் சப்பாத்தில்.”

கதவடித் தகட்டின் புள்ளிப் பற்றுகளைத் துளைத்தேன்.
நாற்பத்திரண்டு.
தொழிற்சாலை ஒரு கணத்தில் வைத்த புள்ளிக்கு
எனக்கு ஆறு நிமிடம், பாதி டிரில் முனை.
கடைசிப் புள்ளி விட்டதும்
கார் பெருமூச்சு விட்டது என்று நினைத்தேன்.
அது தொய்ந்த சத்தம்.

கதவு சாத்த வரவில்லை.
சுற்றிலும் நான்கு மில்லிமீட்டராக இருந்த இடைவெளி
மேலே பூச்சியம், கீழே ஒன்பது.
வெட்டுமுன் குறுக்கே முட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.
எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.
சனிக்கிழமை, நல்ல வெளிச்சம், கை ஓடியது, அவ்வளவுதான்.

மூன்று வாரம்.
அடியில் பலகை, பலகைக்கு அடியில் ஜாக்.
கால் சுற்று, கதவு, அளவு.
கால் சுற்று, கதவு, அளவு.
அப்போதுதான் பிஸ்கட் தகரக்காரன் நினைவுக்கு வந்தான்.
அவன் மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியிருந்திருக்கும்.
எனக்கு பஸ் இருக்கிறது.

ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு
கதவு ‘டக்’ என்றது.
குகநேசன் கைதட்டவில்லை. மூச்சை அடக்கி நின்றான்,
விட்டால் அசைந்துவிடும் என்பதுபோல.

புதிய தகட்டை ஒரே கோடாகப் பற்றவைக்கக் கூடாது,
சூட்டில் அப்பளமாகிவிடும்.
இங்கே ஒரு புள்ளி. அந்தக் கோடியில் ஒரு புள்ளி.
ஆறும்வரை
நைட் ஷிஃப்ட் சட்டைக்கு இஸ்திரி போட்டேன்,
திரும்பி வந்து புறங்கையால் தொட்டுப் பார்த்தேன்,
இன்னும் ஒன்று.

மூடுமுன் உள்பக்கம், துத்தநாகப் பூச்சின்மேல்
மார்க்கரால் எழுதிவைத்தேன்:
“முட்டுக் கொடுத்துவிட்டு வெட்டு.”
முப்பது வருடம் கழித்து, கையில் கிரைண்டரோடு,
இந்த ஓஷவாவில் யார் தமிழில் வாசிக்கப்போகிறார்?
அதிலும் கடைசிப் பற்றின் சூட்டில்
‘வெட்டு’ மட்டும் எரியாமல் மிஞ்சியிருக்கலாம்.

வெளியே இந்த வருடத்தின் முதல் உப்பு லாரி.
அதன் மஞ்சள் வெளிச்சம் கராஜ் சுவரைச் சுற்றி வந்து போனது.
தார்ப்பாயை டயர்வரை இழுத்துவிட்டேன்.