குதிப்புக்கும் கடலுக்கும் நடுவே

மாத்தூர் தொட்டிப்பாலத்தின் பாதியில் நின்று
கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கிறார் ஜான்ரோஸ்.
திரையில் நாயகன் ஓடி வருகிறான்,
பின்னால் துப்பாக்கியோடு ஆறு பேர்,
வலது ஓரத்தில் ஒரு மலை.
மலை பொருந்துகிறது.
"ஒரு அடி இங்கோட்டு வாரும் ஓய்" என்கிறார் செய்யதலி.
வருகிறோம். கைப்பிடிச் சுவரும் பொருந்திவிட்டது.
பொருந்தாதது நாங்கள்தான்:
மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஒருவர்,
ரப்பர் ஷீட் தரகர் ஒருவர்,
மார்த்தாண்டத்தில் மூக்குக்கண்ணாடி விற்கும் நான்,
கீழே பார்க்கப் பயந்து
தண்ணீர் ஓடும் பக்கமே முகம் வைத்து நடக்கும்
புஷ்பலீலா டீச்சர்.
மொத்த வசனமும் தெரிந்தவர் அவர் மட்டும்தான்.

இங்கிருந்துதான் குதித்தான்.
பறளியாறு ஈரவேட்டிபோலச் சுருண்டு கிடக்க,
இரு கையும் விரித்து.
அடுத்த கணம்
முட்டத்துக் கடலில் தலை தூக்கி மூச்சுவிட்டான்.
எட்டாம் வகுப்பில், மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தபோது
எங்களில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை.
ஆற்றில் விழுந்தவன் கடலில்தானே எழும்ப வேண்டும்.

கீழே, படி முடிகிற இடத்தில்
அன்னாசி நறுக்கி மிளகுப்பொடி தூவும் தாசம்மாள்
கத்தியை நிறுத்தாமல் சொன்னாள்:
"அவன் கடலுக்கொண்ணும் போவல்ல.
எங்க விளையிலல்லா விழுந்தான்,
மரச்சீனி மூட்டுல, தலைகீழா.
வைக்கோல் ஆளாக்கும்.
மூணு வட்டம் மேலேருந்து போட்டாங்க.
மூணாவது வட்டம் எடுக்க ஆள் வரல்ல.
அப்பன் அவன நட்டு வச்சாரு, பன்னிக்குக் காவல்.
சட்டைய மட்டும் உருவி அலசி
ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போட்டுட்டுப் போவாரு.
நல்ல சட்டை."

அன்னாசி யார் வாயிலும் இறங்கவில்லை.
"என்ன நிறம்?" என்றார் டீச்சர்.

கறுப்பு வெள்ளைப் படம்.
நீலம் என்று செய்யதலி சத்தியம் செய்திருக்கிறார்.
சிவப்பு என்பதற்காக ஜான்ரோஸ்
ஒருமுறை ஆறு மாதம் அவரோடு பேசாமலிருந்தார்.
"மஞ்சள்" என்றாள் தாசம்மாள்.
"வரிக்கச் சுளை கணக்கா மஞ்சள்.
நாப்பது ரூவா குடுங்கோ."

படத்தில் ஒரு வெட்டு.
எங்களுக்கு முப்பது கிலோமீட்டர்.
திருவட்டாறில் சர்க்கரை மாத்திரைக்காக ஒரு நிறுத்தம்,
அழகியமண்டபம் சந்தியில்
வாழைக்குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் இருபது நிமிடம்,
திங்கள்நகரில் கல்யாண வேன் ஒன்று
பாட்டைப் போட்டுக்கொண்டு முந்தியது.
காருக்குள் யாரும் பேசவில்லை.
எல்லோருமே, அவரவர் தலைக்குள்,
படத்தை முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தோம்,
மஞ்சளில்.
குதிரைமேல் மஞ்சள்.
சண்டைக்குப் பின் கிழிந்த மஞ்சள்.
அம்மா மடியில் அவன் அழும்போது
ச்சே, அங்கே கொஞ்சம் இடித்தது.

முட்டத்தில் காற்று.
பாறை அதே பாறை,
மேலே புதிதாக ஒரு பலகை:
ஏறாதீர், அலை இழுக்கும்.
கலங்கரை விளக்கைப் பார்த்து நின்று
டீச்சர் வசனம் சொன்னார்.
பாதி எங்களுக்கு, பாதி காற்றுக்கு.
வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களில் வயதானவர்
"என்னத்தத் தேடுதியோ?" என்றார்.
அவருக்குத் தெரிந்திருக்கும்,
அன்று இந்தத் தண்ணீரில் குதித்தது யார் என்று.
சொல்லியிருப்பார்.
"ஒண்ணுமில்ல, சும்மா காத்து வாங்க வந்தோம்"
என்றார் செய்யதலி, அவசரமாக.

பிறகு ஜான்ரோஸ்
முழங்கால் உயரக் கல்லொன்றில் ஏறி
கை விரித்தார்.
இரண்டு பேர் பிடிக்கத் தயாராக நின்றோம்.
படம் நன்றாக வந்தது:
கால் நான்கு விரற்கடை அந்தரத்தில்,
பின்னால் முழுக்க வானம்,
தரை எங்கேயும் இல்லை.

அவருடைய இடது செருப்பை மட்டும்
இருட்டும்வரை தேடினோம்.