கண்மட்டம்

ஸ்டாண்டை எந்த உயரத்தில் பூட்டுவது என்று
நான் யோசிக்கவில்லை.
ஏஜென்ட் ருஷ்டி அளவுநாடாவோடு வந்தான்,
தரையிலிருந்து மூன்றடி பத்து அங்குலத்தில்
பென்சிலால் ஒரு கோடு கீறினான்.
"குனிஞ்செல்லோ பாக்கவேணும்" என்றேன்.
"நீங்களா வாங்கப் போறீங்க?"

மத்திய வீதி. போன் கவர், ரீலோட், போட்டோக்கொப்பி.
பள்ளிக்கூட பஸ் என் வாசலில்தான் மூச்சுவிடும்.

மாம்பழம். வத்தகைப்பழம். பபிள்கம். ஐஸ்கிறீம்.
ஐந்தாவது நீலம்;
பழம் என்றுதான் போட்டிருக்கிறது.
திருகோணமலையில் கடல் நீலம், ஆஸ்பத்திரிக் கதவு நீலம்,
நீலமாய் ஒரு பழத்தை
இங்கே எவரும் கடித்ததில்லை.

பெட்டியில் கரடிக்குட்டி, கறுப்புக் கண்ணாடியோடு.
அதன் பாதத்துக்கடியில் எறும்பு எழுத்தில்
பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும்.
அதை வாசிக்க எனக்கும் ஒரு கண்ணாடி வேண்டியிருந்தது.

"பெரியாக்களுக்கும் மாம்பழம் பிடிக்கும்தானே?"
உண்மை. சோற்றோடு பிசைந்து தின்கிற ஆள் நான்.
ஆனால் எனக்கு மாம்பழம் விற்க
இதுவரை எந்தக் கரடியும் வந்ததில்லை.

இதை அவனிடம் சொல்லவில்லை.
கடை வாடகை ஐந்தாம் திகதி.

பின்னேரங்களில் கோட்டைப் பக்க மான்கள்
மதிலோரம் வந்து
எறிந்த உறைகளை மணந்து பார்க்கும்.
ஒன்று மென்றதையும் கண்டேன்.

வெள்ளிக்கிழமை, நல்ல மழை.
உப்புவெளியிலிருந்து ஒரு தாய்,
குடையை மடக்கக்கூட மறந்து,
கைலேஞ்சியை அவிழ்த்தாள்.
"மகளின்ர கொம்பாஸ் பெட்டிக்குள்ள கிடந்தது, தம்பி.
எட்டாம் ஆண்டு படிக்கிறாள்.
இந்தப் பென் டிரைவுக்குள்ள என்ன இருக்கெண்டு
ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.
படம் கிடம்..."

கையில் எடுத்ததுமே மணத்தது. வத்தகை.
தெரிந்துகொண்டே வயரைக் குத்தினேன்.
சின்ன விளக்கொன்று கண் சிமிட்டியது.
திரையில் எதுவும் வரவில்லை,
வரவும் வராது.
அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்,
அவளுடைய கைப்பை உயரத்தில்
கரடிகள் வரிசையாய் நின்றன.
அவள் ஒன்றையும் காணவில்லை.

"ஒண்டும் பதியேல்லை, அக்கா."

"கோணேசா!" என்று நெஞ்சில் கைவைத்தாள்.
அந்த முகத்தில் மழைவிட்ட வெளிச்சம்.
வேண்டாமென்று சொல்ல வாயெடுக்குமுன்
நூறு ரூபாய்த் தாளை மேசையில் வைத்தாள்.
"எடுத்த இடத்திலேயே வைச்சிடுறன்.
பாவம், தேடியிருப்பாள் பிள்ளை."

கூப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.
பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது.

அவள் போனபின் ஸ்டாண்டுக்கு முன்னால் குந்தினேன்.
முழங்கால் முறிந்த சத்தம்.
மூன்றடி பத்து அங்குலம்:
கரடி இப்போது நேராக என் கண்ணைப் பார்த்தது.
எறும்பு எழுத்து இங்கிருந்தும் தெரியவில்லை.

வாசலில் வெள்ளைச் சப்பாத்துகள் இறங்கத் தொடங்கின.
நான் எழும்பவில்லை.
மேசையில் அந்தத் தாள்
இன்னும் காயாமல்.