நிகர எடை

வேலந்தாவளத்தில் ஒரு லாரி எடைமேடை.
செக்போஸ்ட் தாண்டினால் தமிழ்நாடு.
தக்காளி வண்டி ஏறி நின்றதும்
தகரக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள்
கொஞ்ச நேரம் தடுமாறி, பிறகு நிற்கும்.
மொத்தம் பதினாறாயிரத்து இருநூற்று நாற்பது.
வெறும் வண்டி ஏழாயிரத்து நூற்றெண்பது.
கழித்தால் சரக்கு.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பார் அப்பா.

வைஃபை அந்தக் கூண்டில்தான் கிடைக்கும்.
பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க
அவர் காலடியில் உட்கார்ந்து
அமெரிக்காவில் கல்லூரி தேடினேன்.

முதல் வாரம்
மலிவு என்று குறித்ததெல்லாம் அரசுக் கல்லூரிகள்.
அடுத்த வாரம் எல்லாவற்றையும் அடித்தேன்.
அந்த விலை அந்த மாநிலத்துக்காரருக்கு.
கோட்டுக்கு வெளியே இருந்தால் மூன்று மடங்கு.
கடலுக்கு வெளியே இருந்தால்
உதவி என்ற பேச்சே இல்லை.
கோடு எனக்கென்ன புதிதா?
இந்தப் பக்கம் கூவி விற்கிற லாட்டரியை
நூறடி தள்ளி விற்றால் போலீஸ் பிடிக்கும்.

பிறகுதான் பிடிபட்டது:
பலகையில் பெரிய விலை எழுதியவர்களிடம்தான்
பெரிய தள்ளுபடியும் இருக்கிறது.
எழுபத்தெட்டாயிரத்து நானூறு டாலர் என்று போட்டுவிட்டு,
உன்னால் எவ்வளவு முடியும் என்று
தணிந்த குரலில் கேட்கிற கல்லூரிகள்.
நூற்றெண்பதைச் சலித்ததில்
மிஞ்சியது ஒன்பது.

கேட்டார்களே கேள்வி!
வீட்டின் சந்தை மதிப்பு?
பட்டாவே இல்லை.
இரண்டாவது வீடு?
அம்மாவின் ஓய்வூதிய நிதி?
அம்மா மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கிறாள்,
கூடைக்கு இவ்வளவு என்று.
விடுமுறைச் செலவு?
போன வருஷம் வேளாங்கண்ணி, ரயிலில்,
முன்பதிவு இல்லாத பெட்டி.
டாலராக்கினேன். இருபத்து மூன்று.

சம்பளச் சான்று வேண்டுமாம்.
சேதுமாதவன் முதலாளி
பிறந்ததிலிருந்து யாருக்கும் அது தந்ததில்லை.
ஒரு எடைச் சீட்டைத் திருப்பிப் போட்டு
மலையாளத்தில் எழுதினார்:
ஆரோக்கியம், மாசம் பதினேழாயிரத்து ஐந்நூறு, நல்ல மனுஷன்.
அக்ஷயா மையத்தில் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து,
மொழிபெயர்ப்பும் சேர்த்து அனுப்பினேன்.
அயோவாவிலிருந்து ஒரு அம்மையார் கேட்டார்:
முன்பக்கத்து ஒன்பதாயிரத்து அறுபது
எந்த வகை வருமானம்?
தக்காளி, என்று பதில் போட்டேன்.

கடைசிக் கட்டம் ஒன்று.
வருடத்துக்கு உங்கள் குடும்பம் தரக்கூடியது.
நிறையக் கேட்பவளை ஓரங்கட்டுவார்கள்,
பெரும்பாலான இடங்களில் அப்படித்தான்.
ஆறாயிரம் என்று தட்டினேன்.
அப்பா எட்டிப் பார்த்தார்.
அவர் கண்ணில் எண்கள் தடுமாறின,
நிற்கவில்லை.
"நூறு ரூபாய்க்கு எடையைக்
குறைச்சுப் போட்டதுண்டு ஜெசிந்தா,"
சிரித்தார்,
"ஏத்திப் போட்டதில்ல."
எனக்கும் சிரிப்பு வந்தது.
குறிச்சீட்டுப் பணத்தைக் கணக்குப் பார்த்து
தொள்ளாயிரம் என்று மாற்றினேன்.

மார்ச்சில் ஏழு பேர் மறுத்தார்கள்.
எட்டாவது கல்லூரி வாழ்த்துச் சொன்னது.
அம்மா மார்க்கெட் முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான்
இரண்டாம் பத்தியைப் படித்தேன்:
பண உதவி மட்டும் இயலவில்லை.
அன்று மாலை
ஒவ்வொரு கடையாகப் போய்
திரும்பச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒன்பதாவது, அயோவா.
விடிகாலை நாலரைக்கு வந்தது.
மொத்தச் செலவு, உதவித்தொகை,
கழித்தால் நிகர விலை
மூவாயிரத்து ஐம்பது.
எடைச் சீட்டு மாதிரியே
மூன்று வரிசையில் இருந்தது.
நம்மால் தொள்ளாயிரம்தானே என்று
அந்த அம்மையாருக்கு மறுபடி எழுதியிருக்கிறேன்.
அவர்கள் ஊரில் இப்போது இரவு.
மே ஒன்றுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"மூணு டன்னு அம்பது கிலோ,"
அப்பா திரையைப் பார்த்துச் சொன்னார்,
"சின்ன வண்டிச் சரக்குதான்."
பிறகு ஒன்றும் பேசவில்லை.
வெளியே ஹாரன் கேட்டது.
மேடையில் ஒரு வண்டி ஏறிக்கொண்டிருந்தது,
முன்சக்கரம் மட்டும்.
எண்கள் இன்னும் நிற்கவில்லை.