ஏழு தினார் நானூறு ஃபில்ஸ்

கதவோரம் நான் வைத்திருந்த பையை
எதிர்வீட்டு மெனாஷே
தன் பண்டிகைக் குப்பையோடு சேர்த்துக்
கீழே இறக்கிவிட்டார்.
பலதியா லாரி வந்து போய்விட்டது.

புளித்த மாவின் துகள் ஒன்றுகூட
வீட்டில் தங்கக்கூடாதாம் அந்த வாரம்.
சோபா இடுக்கு, கோட்டுப் பாக்கெட்,
பிள்ளையின் பள்ளிப்பை வரை உதறியிருந்தார்.
அந்த உதறலில் போனது என் பை.

இரவு ஒன்பதரைக்கு மணியடித்தார்.
கையில் நோட்டு, காதில் பென்சில்.
"உள்ளே என்னென்ன இருந்தது?"

அயர்ன் பாக்ஸ். சூடு வரும், வயர்தான் விட்டுவிட்டது.
மிக்சி ஜார், பிளேடு மாற்ற வேண்டியது.
ஒரு ஜன்னல் திரை.
வார் தைக்கக் கொடுக்க இருந்த செருப்பு.

"செருப்பு எத்தனை மாதம் போட்டது?"
பதினொன்று.
"அப்படியானால் புது விலை தரமாட்டேன்."
குதைபியாவில் பழைய சாமான் வாங்குகிறவனுக்கு
அங்கேயே நின்று போன் போட்டார்.
மூன்று தினார். இரண்டு நானூறு.
திரைக்கு எண்ணூறு ஃபில்ஸ்.
செருப்புக்கு ஒன்று இருநூறு என்று அவன் சொல்ல
இவர் திரும்ப ஒருமுறை கேட்டு எழுதினார்.

எனக்குச் சிரிப்பு.
விடுங்க, தெரியாமத்தானே போட்டீங்க.

பென்சில் நின்றது.
"தூங்குகிறவன் கை பட்டு உடைந்தாலும்
பானை உடைந்த பானைதான்.
எங்கள் சட்டத்தில் 'தெரியாமல்' என்பது
பாவத்தைக் குறைக்கும்,
விலையைக் குறைக்காது.
மன்னிப்பதானால் மன்னியுங்கள்.
எவ்வளவு என்று கூட்டின பிறகு."

அந்த ஒரு சொல்லுக்குள்தான்
நான் நாலு வருடமாகக் குடியிருக்கிறேன்,
வாடகை இல்லாமல்.

ஹூராவில் ஆறு பெண்கள், ஒரு அறை.
மூட்டைப்பூச்சி மருந்தடித்த வெள்ளிக்கிழமை
கட்டிலடியில் துருப்பிடித்துக் கிடந்த பிஸ்கட் டின்னைத்
தூக்கிப் போட்டேன்.
ஜெசிந்தாவுடையது.
ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுகள்
இரண்டு வருடத்துக்கு அதில் இருந்தன.
வீடு கட்ட நீ என்ன கொடுத்தாய் என்று
அண்ணன் கேட்ட அன்று
காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை அவளிடம்.
தெரியாம போட்டுட்டேன்டி என்றேன்.
பரவாயில்லக்கா என்றாள்,
எதற்குப் பரவாயில்லை என்று
கூட்டிப் பார்க்காமலே.

மெனாஷே, போனது வெறும் காகிதமாக இருந்தால்?

லிஃப்ட் கதவு திறந்து, யாரும் இல்லாமல் மூடியது.
"காகிதத்தின் விலை மட்டும் என்றார் ஒருவர்.
அது நிரூபித்திருக்கக்கூடிய தொகை முழுதும் என்றார் இன்னொருவர்."
ஜெயித்தது யார்?
"முழுதும்" என்றார்,
தன் கணக்கை என் பக்கம் நீட்டியபடி.

வாங்கிக்கொண்டேன்.
நானூறு ஃபில்ஸைச் சில்லறையாகவே கொடுத்தார்.

ஜெசிந்தாவின் நம்பரில்
யாரோ வங்காளியில் பேசுகிறார்கள்.
எக்ஸ்சேஞ்சில் கேட்டேன்:
அந்தக் கிளையை மூடியாயிற்றாம்.

இருபத்து நான்கு மாதம்.
மாதம் ஐம்பத்தைந்து அனுப்புவதாக
ஒருமுறை சொன்ன ஞாபகம்.
அறுபதோ.
ஆயிரத்து முந்நூற்றிருபது.
ஆயிரத்து நானூற்று நாற்பது.
மின்சார பில்லின் முதுகில்
இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

நடுவில் நிற்கும் நூற்றிருபதை
அவள்தான் வந்து சொல்லவேண்டும்.